ஓடி வந்தவள்

அருணாதேவி என்று பேர் சொல்லிக் கேட்டால் அந்த ஊரில் பாதிப் பேர் முழிப்பார்கள். "ஓடி வந்தவ வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள், பஸ் நிற்கிற இடத்து டீக்கடையிலேயே கையை நீட்டி வழி சொல்லிவிடுவார்கள். பட்டாசு வெடித்த ரூமிலிருந்து ஒரு பொம்பளை உயிரோடு வீடு வந்து சேர்ந்ததற்கு ஊர் வைத்த பட்டப்பேர் இது. நல்லாயிருக்கு நியாயம்! செத்துக் கரிக்கட்டையாக வந்திருந்தால் மாலை போட்டு, மாரடித்து அழுது, போட்டோவை மாட்டிப் பொட்டு வைத்திருப்பார்கள். பிழைத்து வந்தாள் பாருங்கள், அதுதான் அவள் செய்த குத்தம்.

வெம்பக்கோட்டைப் பக்கத்து மானாவாரி ஊர் அது. புருஷன் பெத்தணனுக்குக் காடு இருக்கிறது. மழை பேய்ந்தால் மக்காச்சோளம், பேயாவிட்டால் வேலிக்கருவை. வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் உலை கொதிக்குமா? அதனால் வீட்டுப் பொம்பளைகள் காலையில் வேன் ஏறிப் பட்டாசு ஆபீசுக்குப் போவார்கள். ஆமாம், ஆபீஸ். அந்தப் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனிக்கு அதுதான் பேர். என்னமோ காத்தாடிக்கடியில் உட்கார்ந்து பேனா பிடிக்கிற உத்தியோகம் மாதிரி.

அருணாதேவி கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்த வேலைதான். புஸ்வாணக் கூட்டுக்குள் வெடிமருந்து செலுத்துவாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி அப்பிக்கொண்டு வெள்ளி பூசினாற்போல மினுங்கும். நாத்தனார் முத்துமாரியை அந்த வேலைக்குக் கூட்டிப்போனதும் அவள்தான். முத்துமாரி கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் தாய் ஆவுடைத்தாயிடமே திரும்பி வந்தவள். வாய்த்துடுக்குக்காரி, ஆனால் வேலையில் கெட்டி. "மதினி, மதினி" என்று அருணாவின் பின்னாலேயே திரிவாள். சாப்பாட்டு நேரத்தில் அருணாவின் தூக்குவாளியைத் திறந்து தனக்குப் பிடித்த கூட்டை அள்ளிக்கொண்ட பிறகுதான் தன்னுடையதைத் திறப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு அங்கே சொல்லித்தருகிற முதல் பாடம் மருந்து அள்ளுவது இல்லை. ஓடுவது. "பொறி தெறிச்சா கையில இருக்கிறதப் போட்டுட்டு ஓடணும். திரும்பிப் பாக்கக் கூடாது. பெத்த தாயே உள்ள கெடந்தாலும் நிக்கக் கூடாது" என்று போர்மேன் காளிராஜ் புதுசாக வருகிற ஒவ்வொருத்தருக்கும் சொல்வான். சரியான பாடம்தான், தப்புச் சொல்லவில்லை. நின்றவர்கள் யாரும் பிழைத்ததில்லை. அதற்காகத்தான் ரூமுக்கு எதிரெதிரே வாசல் வைத்துக் கட்டுகிறார்கள். வாசலை மறித்து எதையும் வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டத்துக்கென்ன, சுவரில் பெயிண்டால் எழுதிவிட்டால் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகிறது.

அந்த வருஷத் தீபாவளிச் சீசனில் ஆர்டர் மேல் ஆர்டர். லோடு ஏற்றுகிற லாரி வரவில்லை, குடோனில் இடமில்லை. கட்டி முடித்த பெட்டிகளைக் கொண்டுவந்து முத்துமாரி உட்கார்ந்திருந்த பக்கத்து வாசலுக்கு வெளியே ஆள் உயரம் அடுக்கிவிட்டார்கள். இடிக்கிறது என்று கதவையும் இழுத்துச் சாத்தியாயிற்று.

முத்துமாரி சும்மா இருக்கவில்லை. காளிராஜ் ரூமை எட்டிப் பார்த்தபோது சத்தமாகவே கேட்டாள். "அண்ணாச்சி, இந்த வாசல் அடைபட்டுக் கெடக்கு. பெட்டிய எடுக்கச் சொல்லுங்க."

"லோடு வந்ததும் எடுத்துரலாம்த்தா. அம்புட்டுப் பயமா இருந்தா வீட்டுல இருக்க வேண்டியதுதான?" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த ரூமுக்குப் போய்விட்டான்.

தீ எங்கே பிடித்தது என்று அருணாதேவிக்கு இன்றைக்கும் தெரியாது. சீறுகிற மாதிரி ஒரு சத்தம், ஒரு வெள்ளை வெளிச்சம். படித்த பாடம் காலுக்கு ஞாபகம் இருந்தது, தன் பக்கத்து வாசல் வழியாக ஓடினாள். முதுகிலும் இடது தோளிலும் தீ பட்டது தெரியாமல் ஓடினாள். ரூமுக்கு எதிரே நின்ற வேப்பமரத்தைத் தாண்டும்போது பின்னால் கதவை மடார் மடார் என்று தட்டுகிற சத்தமும், "மதினி" என்று ஒரே ஒரு கூப்பாடும் கேட்டது. திரும்பிப் பார்க்கிறபோது ரூமே இல்லை. முத்துமாரியோடு இன்னும் ரெண்டு பொம்பளைகள் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள், வயிறு எரியும். ஆவுடைத்தாய் மகளின் துணியைக்கூட அடையாளம் காணமுடியாமல் பிணவறை வாசலில் விழுந்து கிடக்கிறாள். காளிராஜ் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கதை சொன்னான். "உங்க மக கைதவறித் தட்டைக் கீள போட்டுட்டா பெரியம்மா. மருந்து உராஞ்சிருச்சு. என்ன செய்ய, அவ விதி." சொன்னதோடு விட்டானா? "மதினிக்காரி கையைப் பிடிச்சு இழுத்திருந்தாக்கூட வந்திருப்பா. அவ தப்பிச்சாப் போதும்னு ஓடியாந்துட்டா" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துப் போட்டான். ஓடச் சொல்லிக்கொடுத்தவனே ஓடினதைக் குத்தமாகச் சொல்கிறான்! பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஜாதி.

அந்தச் சொல் ஊருக்குள் தீயைவிட வேகமாகப் பரவிற்று. பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. பெட்டியெல்லாம் வெடித்துச் சாம்பலாகிவிட்டது, பேச என்ன இருக்கிறது? பேப்பரில் கவனக்குறைவு என்று போட்டார்கள். யாருடைய கவனக்குறைவு? செத்தவளுடையது. எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறாள்? சீல் வைத்திருந்த ஆபீஸைக் கொஞ்ச மாசத்தில் திறந்து, கிடா வெட்டிப் பூசை போட்டு, வேனை அனுப்பிவிட்டார்கள். கறிச்சோறு சாப்பிட்ட கை காயுமுன்னே மறுபடியும் மருந்து அள்ளிற்று அந்தக் கூட்டம்.

அருணாதேவி தோல் ஆறி வீடு வந்தாள். மனசுதான் அந்த வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டது. குக்கர் விசில் அடித்தால் எழுந்து ஓடுவாள். யார் வீட்டுக் கல்யாணத்திலாவது சரம் கொளுத்தினால் கண்மாய்க் கரையில் போய்த்தான் தேடிப்பிடிக்க வேண்டும். எதிர்வீட்டில் கதவைத் தட்டினால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டிவிடுவாள், சேலை நனைந்துபோகும். எட்டாவது படிக்கிற மகள் சினேகா மாற்றுச் சேலையை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். பெத்த மகள் முன்னால் இப்படி ஆகிப்போனதே என்று அவள் குன்றிப்போனாள்.

நடந்தது என்னவென்று சொல்லிவிட அவள் முயலவில்லை என்று நினைக்காதீர்கள். அவள் எதையும் மறக்கவில்லை. ஒவ்வொன்றும் கண்ணுக்குள் நின்றது. "அத்தை, மாரி பக்கத்து வாசல்ல..." என்று ஆரம்பிப்பாள். அவ்வளவுதான். காதுக்குள் அந்தத் தட்டுகிற சத்தம் கேட்கும், உடம்பு வெடவெடவென்று ஆடும். ஆவுடைத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்" என்று சொல்லி எழுந்து போவாள்.

சாமியாடியிடம் கூட்டிப்போனார்கள். "செத்தவதான் வந்து பிடிச்சிருக்கா" என்று அவன் சொன்னான். முத்துமாரியாம், பேயாம்! தன் தூக்குவாளியை நம்பிச் சாப்பிட்ட பிள்ளை தன்னைப் பிடித்து ஆட்டுவாளா? வேப்பங்குழையால் அடிக்க அடிக்க அருணாதேவி மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்கத்தான் தெம்பில்லை. புண் ஆறிய புதுத்தோலில் அந்த அடி விழுந்தது.

தாலுகா ஆபீசில் விசாரணை என்று கூப்பிட்டார்கள். பிழைத்த ஒரே ஆள் அவள், அவள் சாட்சிதான் சாட்சி. அதிகாரி தன்மையாகத்தான் கேட்டார். முத்துமாரி எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டதும் இவளுக்குக் கண் இருட்டி, நாற்காலியோடு சாய்ந்துவிட்டாள். தண்ணீர் தெளித்துத் தூக்கும்போது கம்பெனி வக்கீல் பக்கத்திலிருந்தவரிடம், "புத்தி பேதலிச்சுப் போச்சு, பாவம்" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அந்தப் பாவத்தில் எம்புட்டுச் சந்தோஷம்! விசாரணையைத் தள்ளி வைத்தார்கள். அடுத்த தடவையும் இவள் வாய் திறக்காவிட்டால் முத்துமாரி கைதவறிப் போட்டதுதான் முடிவு, பழி அவள் தலையோடு போய்விடும்.

புண்ணுக்கு மருந்து போட வருகிற நர்ஸ் ரோஷினிதான் பெத்தணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அண்ணே, இது பேயுமில்ல பிசாசுமில்ல. பெரிய அதிர்ச்சி பட்டவுகளுக்கு இப்படி ஆகும். சிவகாசியில ஒரு மாடியில இதுக்குன்னு ஒரு மேடம் வாராக. கண்ணை அசைக்க வச்சு வைத்தியம் பாப்பாக. கூட்டிட்டுப் போங்க."

பெத்தணன் அதிகம் பேசாத மனுஷன். மறுநாளே டிவிஎஸ்ஸில் உட்காரவைத்துக் கூட்டிப்போனான்.

அந்த மேடம், கீர்த்திகா, பார்க்கச் சின்னப்பிள்ளையாக இருந்தாள். சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கிற குடும்பம். சுவரில் அந்த அச்சாபீஸ் பேர் போட்ட காலண்டரைப் பார்த்ததும் அருணாதேவிக்குச் சுருக்கென்றது. "உங்க வீட்டுல லேபிள் அடிப்பீகளா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. பட்டாசு லேபிளும் அடிக்கிறோம்" என்று கீர்த்திகா மறைக்காமல் சொன்னாள். அருணாதேவிக்கு அது பிடித்திருந்தது. மறைக்கிற ஆட்களை அவள் நிறையப் பார்த்துவிட்டாள்.

"நடந்ததை எல்லாம் எங்கிட்ட நீங்க சொல்லணும்னு அவசியமில்லக்கா. மனசுல ஓடினாப் போதும். மத்த நாள்ல நடந்ததெல்லாம் பழசாயி அதுஅது எடத்துல போயி உக்காந்துருது. இது மட்டும் வாசப்படியிலயே கெடக்கு. போகவர இடறுது. அதை உள்ள எடுத்து வைக்கத்தான் இந்த வைத்தியம். கண்ணை அசைக்கிறதுல அது எப்படி நடக்குதுன்னு படிச்சவங்களுக்கே இன்னும் முழுசாப் பிடிபடல. ஆனா நிறையப் பேருக்குக் கேட்டிருக்கு. உங்களுக்கு மயக்கம் ஒண்ணும் வராது, முழிச்சுத்தான் இருப்பீங்க. வேண்டாம்னா கையைத் தூக்குங்க, அந்த நிமிசமே நிறுத்திருவேன்."

நிறுத்து என்றால் நிறுத்துவார்களாம்! அப்படி ஒரு இடம் உலகத்தில் இருக்கிறதா என்று அருணாதேவிக்கு ஆச்சரியம். முத்துமாரி எடுங்கள் என்று சொல்லி யார் எடுத்தார்கள்?

ரெண்டு மூணு தடவை பேச்சும் மூச்சுப் பயிற்சியுமாகவே போயிற்று. பயமில்லாத ஒரு இடத்தை மனசில் நினைத்துக்கொள்ளச் சொன்னாள் கீர்த்திகா. எல்லோரும் கோயில், கடற்கரை என்று சொல்வார்கள் போல. அருணாதேவி டவுன் பஸ் ஜன்னல் சீட்டைச் சொன்னாள். அங்கேதான் ஒருத்தரும் அவளை ஓடி வந்தவ என்று கூப்பிடுவதில்லையாம்.

அப்புறம்தான் அந்தத் தப்பு நடந்தது. கீர்த்திகா மதுரையிலிருந்து ஒரு கருவி வரவழைத்திருந்தாள். நீளமான கம்பி மாதிரி, அதில் ஒரு வெளிச்சப்புள்ளி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும், அதைக் கண்ணால் தொடர வேண்டும். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது வெறும் விளக்கு. திரியில் தீ ஓடுவதைப் பார்த்தே வளர்ந்த பொம்பளைக்கு அது என்ன? பொட்டு வெளிச்சம் விறுவிறுவென்று ஓடியதும் அருணாதேவி நாற்காலியைத் தள்ளிவிட்டு, மாடிப்படியைத் தாண்டி, ரோட்டில் போய் நின்றாள். ஆட்டோக்காரன் பிரேக் போட்டு வைதான்.

கீர்த்திகா செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே இறங்கி ஓடி வந்தாள். வெயிலில் ரோடு சுட்டது. தொடாமல், நாலடி தள்ளி நின்றுகொண்டு, "என் தப்புக்கா. இந்த ஊருல இருந்துக்கிட்டு நான் யோசிச்சிருக்கணும். முழுக்க என் தப்பு" என்றாள்.

அருணாதேவி நடுரோட்டில் நின்று கேவிக்கேவி அழுதாள். விபத்து நடந்த நாளிலிருந்து அவள் காதில் விழுந்த முதல் "என் தப்பு" அதுதான். மூணு உயிர் போயிருக்கிறது. கம்பெனிக்காரன் சொன்னானா, காளிராஜ் சொன்னானா, அனுமதி கொடுத்தவன் சொன்னானா? ஒரு விளக்கைத் தெரியாமல் போட்டுவிட்ட சின்னப்பிள்ளை வந்து சொல்கிறது!

அன்றோடு அந்தக் கருவி பீரோவுக்குப் போயிற்று. கீர்த்திகா பக்கவாட்டில் உட்கார்ந்து ரெண்டு விரலை மட்டும் இங்கும் அங்கும் அசைத்தாள். தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் அதைத் தொடர வேண்டும். கண் விரலோடு போக, மனசு அந்த நாளுக்குப் போகும். கொஞ்ச நேரம் அசைத்து நிறுத்தி, "மூச்சு விடுங்க. இப்போ என்ன வருது?" என்பாள். சொன்னால், "சரி, அதோடயே போங்க" என்று மறுபடி அசைப்பாள். பார்ப்பதற்கு இவ்வளவுதான்.

ஊர் விடுமா? கோழி கிறுக்குப்பிடித்தாற்போல கண்ணை உருட்டிக் காட்டி இளவட்டங்கள் சிரித்தார்கள். "கண்ணை ஆட்டுனா எம்மக வந்துருவாளாக்கும்" என்று ஆவுடைத்தாய் அடுப்படியில் பாத்திரத்தோடு பேசினாள். முதலில் அருணாதேவிக்கும் கூடுதல் தொந்தரவுதான். போய்விட்டு வந்த நாளெல்லாம் கெட்ட கனவு, உடம்பு அடித்துப்போட்டாற்போல வலி. நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தாள். பெத்தணன்தான், "இம்புட்டுத் தூரம் வந்துட்டு நடுவுல நிக்காண்டாம்" என்று வண்டியை எடுத்தான். அந்த மனுஷன் பேசிய நீளமான பேச்சு அது.

பிறகு ஒரு நாள் குக்கர் விசில் அடித்தது. அருணாதேவி திடுக்கிட்டாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. அடுத்த விசிலுக்கு, "சினேகா, அடுப்பக் கொறச்சு வையி" என்றாள். அம்மா வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வந்ததற்கே சினேகா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

கதவுச் சத்தம்தான் கடைசி வரைக்கும் விடவில்லை. அந்த இடத்துக்கு வந்ததும் கையைத் தூக்கிவிடுவாள். கீர்த்திகாவும் சட்டென்று நிறுத்திவிடுவாள், ஏன் என்று கேட்கமாட்டாள். அன்றைக்கு அருணாதேவி கையைத் தூக்கவில்லை. விரல் இங்கும் அங்கும் போயிற்று. தட்டுகிற சத்தம் வந்தது, "மதினி" என்ற கூப்பாடு வந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடிற்று.

"இப்போ என்ன வருதுக்கா?"

"நான் விட்டுட்டு வந்துட்டேன்."

"அதோடயே போங்க."

மறுபடி விரல். இப்போது அவள் வேப்பமரத்தடியில் நின்று ரூமை மொத்தமாகப் பார்த்தாள். தன் பக்கம் திறந்த வாசல். அந்தப் பக்கம் ஆள் உயரப் பெட்டி. அது புதுசாகத் தெரிந்ததல்ல, என்றைக்கும் தெரிந்ததுதான். ஆனால் இத்தனை நாளும் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தவள் இப்போதுதான் அந்தப் பெட்டியை நேராகப் பார்த்தாள். உடம்பு ஆடவில்லை. அடிவயிற்றிலிருந்து கொதித்து எழும்பி வந்தது வேறொன்று.

"நானா விட்டுட்டு வந்தேன்? எனக்கு வாசல் இருந்துச்சு, ஓடுனேன். அவளுக்கும் வாசல் இருந்திருந்தா அவளும் ஓடியிருப்பா. என்னைவிட வேகமா ஓடுவா அவ! அவ வாசலையில்ல அடைச்சுட்டானுக!" சொல்லிவிட்டு அருணாதேவி நாற்காலிக் கையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். அப்புறம் பயந்துபோய்க் கேட்டாள். "எனக்குக் கோவம் கோவமா வருது மேடம். இதுவும் அந்த நோய்தானா?"

"இல்லக்கா" என்றாள் கீர்த்திகா. "இது கோவந்தான்."

எப்படித்தான் மோப்பம் பிடிப்பார்களோ, அந்த வாரமே காளிராஜ் ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டான். மருந்து ரூம் பக்கமே வரவேண்டாம், பெட்டி ஒட்டுகிற இடத்தில் உட்கார்ந்தபடி வேலை தருகிறோம் என்றான். "மொதலாளி உங்க மேல உசிரா இருக்காக. பழசக் கிண்டிக்கிட்டு இருந்தா உங்க உடம்புக்குத்தான் கெடுதி. விசாரணையில, ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க, முடிஞ்சது" என்றான். உபகாரமாம்! கண்ணைக் குத்திவிட்டுக் கண்ணாடி வாங்கித் தருகிறான். அவன் படியிறங்கியதும் அருணாதேவி பழத்தை எடுத்துப்போய் ஆட்டுக்குப் போட்டாள்.

விசாரணைக்கு ஆவுடைத்தாயும் வந்தாள். செத்தவளின் தாய் என்று அவளுக்கும் தாக்கீது வந்திருந்தது. பெத்தணன் நடுவில் உட்கார்ந்தான், மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம். எதிரே காளிராஜ், வக்கீல், கம்பெனி ஆட்கள்.

"முத்துமாரி எங்கே உட்கார்ந்திருந்தாங்க?" என்று அதிகாரி போன தடவை கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

அருணாதேவிக்குக் காதுக்குள் சத்தம் லேசாக வந்தது. மூச்சை இழுத்து விட்டாள். கால் தரையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். "எனக்கு எதிர் வாசல் பக்கம்யா" என்று ஆரம்பித்தாள். "அந்த வாசலுக்கு வெளிய பெட்டி அடுக்கிக் கதவைச் சாத்திட்டாக. மாரி எடுக்கச் சொல்லி, இந்தா உக்காந்திருக்காகளே காளிராசு அண்ணாச்சி, இவுக கிட்டத்தான் கேட்டா. லோடு வந்ததும் எடுக்கலாம், பயமா இருந்தா வீட்டுல இருன்னு சொன்னாக. தீ எங்கன பிடிச்சதுன்னு எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லமாட்டேன். ஆனா அவ தட்டைப் போட்டதை நான் பாக்கல. நான் ஓடுனேன். மரத்துகிட்ட வரும்போது அவ உள்ளருந்து கதவைத் தட்டுனா. மதினின்னு கூப்பிட்டா. கதவு தொறக்கல." கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. ஆனால் சொல்லி முடித்துவிட்டாள்.

வக்கீல் எழுந்தார். சிரித்த முகம். "ஐயா, இந்தம்மா மனநோய்க்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்காங்க. முன்ன இந்தப் பெட்டிக் கதையே கிடையாது. யாரோ கண்ணு முன்னால கையை ஆட்டி, இல்லாததை எல்லாம் மனசுல ஏத்தி அனுப்பியிருக்காங்க. இதையெல்லாம் சாட்சின்னு எடுத்துக்கிட்டா..."

அருணாதேவி உட்கார்ந்தவள் எழுந்துவிட்டாள். "ஆமாய்யா, வைத்தியம் பாத்தேன். கால் ஒடிஞ்சா கட்டுப் போடமாட்டீகளா? அந்தப் பிள்ளை எங்கிட்டக் கதவைப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல. கதவுன்னு ஒண்ணு இருந்ததே நான் சொல்லித்தான் அதுக்குத் தெரியும். போன தடவை நான் இங்கன மயங்கி விளுந்தேனே, அன்னைக்குக் கிறுக்கின்னு சொன்னீக. இன்னைக்கு நின்னு பேசுறேன், இன்னைக்கும் கிறுக்கிங்கீக. அப்போ நான் எப்படி இருந்தாத்தான்யா நீங்க கேப்பீக? செத்துப்போயிருக்கணுமா? செத்தவ சொன்னதையும் நீங்க கேக்கலையே!"

அதிகாரி பக்கத்திலிருந்தவரைப் பார்த்து, அந்தம்மா சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார்.

ஆவுடைத்தாய் அதுவரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். மகள் கதவைத் தட்டினாள் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும். மகள் கேட்டாள், முன்னாலேயே கேட்டாள், கவனமாகத்தான் இருந்தாள் என்று இன்றைக்குத்தான் தெரியும். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மருமகளைத் தாண்டும்போது அவள் தோளில் கையை ஊன்றிக்கொண்டாள், எடுக்கவில்லை. அப்படியே நின்றுகொண்டு எதிர்ப்பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"ஏலே காளிராசு. எம்மக வாசலத் தொறந்து விடச் சொல்லி உங்கிட்டக் கேட்டாளாலே?"

காளிராஜ் வக்கீல் முகத்தைப் பார்த்தான்.

"அவரை ஏம்லே பாக்க? அவரா அங்கன இருந்தாரு? கேட்டாளா, இல்லையா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுலே."